கட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய அனுமதி

(வாசகர் பாடப் பகுதி)



இம்முறை நாம் படிக்கப்போகும் பாடம் பலருக்குப் புதிதாகத் தோன்றலாம். காணிக்கை அனுப்பும் அன்பர்கள் பலர் தங்கள் கடிதத்தில் ஒரு கேள்வியையும் சேர்த்து எழுதுகிறார்கள். "பணம் சேர்ந்துவிட்டதே, கட்டடம் ஏன் இன்னும் எழவில்லை? பொறியாளர் கட்டணம், மண் பரிசோதனை, அனுமதிக் கட்டணம் என்று கணக்கில் காட்டுகிறீர்களே, இதெல்லாம் அவசியந்தானா? நோயாளிக்குப் போகவேண்டிய பணம் காகிதத்திற்குப் போகலாமா?" கேள்வி நியாயமானது. கொடுப்பவர்களுக்குக் கேட்க உரிமை உண்டு. ஆகவே ஆலத்தியூர் வட்டாரத்தில் ஒரு சிறிய கிளை மருத்துவமனை கட்டுவதானால் என்னென்ன அனுமதி வாங்கவேண்டும், யார் யார் வந்து பார்ப்பார்கள், ஏன் பார்க்கிறார்கள் என்பதைப் படிப்படியாக எழுதுகிறோம். உங்கள் ஊரில் வீடோ, பள்ளியோ, ஆலயமோ கட்டும்போதும் இது பயன்படும்.

1. அனுமதி கேட்பது பழைய வழக்கம்

கட்டட விதிகள் இக்காலத்து அலுவலகங்கள் கண்டுபிடித்தவை அல்ல. ஏறக்குறைய 3,700 ஆண்டுகளுக்கு முன் பாபிலோனை ஆண்ட அம்முராபியின் சட்டத்தில், கட்டியவனுடைய கவனக்குறைவால் வீடு இடிந்து வீட்டுக்காரன் இறந்தால் கட்டியவனுக்கு மரண தண்டனை என்று இருந்தது. மோசேயின் சட்டத்திலும், புது வீடு கட்டுகிறவன் மெத்தையைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் கட்டவேண்டும், இல்லாவிட்டால் விழுந்து சாகிறவனுடைய இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் வரும் என்று காண்கிறோம் (உபாகமம் 22:8). அம்முராபியின் சட்டம் விபத்துக்குப் பின் தண்டிக்கிறது. உபாகமத்தின் சட்டம் விபத்துக்கு முன் தடுக்கிறது. இன்றைய கட்டட அனுமதி இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

எஸ்றாவின் புஸ்தகம் 5, 6 அதிகாரங்களை இந்தப் பார்வையோடு வாசித்துப் பாருங்கள். எருசலேமில் ஆலய வேலை நடக்கும்போது தத்னாய் என்னும் அதிகாரி வந்து, இதைக் கட்ட உங்களுக்கு உத்தரவு கொடுத்தவர் யார், வேலையை நடத்துகிற மனுஷரின் பெயர்கள் என்ன என்று விசாரிக்கிறான். மூப்பர்கள் கோபப்படவில்லை. கோரேசு ராஜா கொடுத்த உத்தரவைச் சொல்லுகிறார்கள். தத்னாய் அதைத் தரியு ராஜாவுக்கு எழுதுகிறான். பதிவேடுகள் தேடப்படுகின்றன. அக்மேதா பட்டணத்துக் கோட்டையில் அந்தச் சுருள் கிடைக்கிறது. அதில் உயரம் அறுபது முழம், அகலம் அறுபது முழம், பெருங்கல் மூன்று வரிசை, புதுமரம் ஒரு வரிசை, செலவு ராஜாவின் அரமனையிலிருந்து என்று அளவும் பொருளும் செலவும் எழுதியிருந்தது. இன்று நாம் அலுவலகத்தில் கொடுக்கும் வரைபடத்திலும் மதிப்பீட்டிலும் இவையே இருக்கின்றன. அந்தப் பழைய உத்தரவு பத்திரமாக இருந்தபடியால் வேலை நின்றுபோகவில்லை; தத்னாயே செலவுக்குப் பணம் கொடுக்கும்படி ஆயிற்று. அனுமதிக் காகிதம் கட்டுகிறவனைக் காப்பாற்றும் என்பதற்கு இதைவிடப் பழைய சாட்சி வேண்டுமோ?

பிற்காலத்திலும் அப்படியே. 1666இல் லண்டன் மாநகரம் எரிந்தபின், 1667இல் வந்த சட்டம் மரச்சுவர்களை விலக்கிச் செங்கல்லும் கருங்கல்லும் கொண்டு கட்டும்படி விதித்தது. நம் மாகாணத்தில் சென்னை நகரமைப்புச் சட்டம் 1920இல் வந்தது. அதற்குப் பின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971இல் வந்தது. இப்போது மாநகராட்சி முதல் சிற்றூராட்சி வரை எல்லா இடத்துக்கும் பொதுவாக, 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் நடைமுறையில் உள்ளன.

2. விதியின் பின்னால் இருக்கும் கல்லறைகள்

விதிகளைப் படிக்கும்போது அவை வறண்ட எண்களாகத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் யாரோ ஒருவருடைய பிள்ளை இருக்கிறது.

2004ஆம் ஆண்டு ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தின் கீற்றுப் பந்தலில் தீப்பற்றி, மணமகன் உட்பட 50க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆறு மாதம் கழியுமுன், ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியில் சமையலறைத் தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகள் இறந்தனர். வெளியேறப் போதிய வழி இல்லை. இரண்டு ஊர்களும் நமக்கு அண்டை ஊர்கள். அதன் பின்னரே தமிழகப் பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை அகற்றும் வேலை வேகமாக நடந்தது.

மருத்துவமனைகளும் தப்பவில்லை. 2011 டிசம்பர் 9 அன்று கொல்கத்தாவில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனையில் ஏறத்தாழ 90 பேர் இறந்தனர். வாகனம் நிறுத்துவதற்கென்று அனுமதி பெற்ற கீழ்த்தளத்தில் எரியக்கூடிய பொருட்களைக் குவித்து வைத்திருந்தார்கள். அங்கே பற்றிய தீயின் புகை மேல் மாடிகளுக்கு ஏறி, படுக்கையிலிருந்து எழுந்திருக்க முடியாதவர்களை மூச்சுத்திணற வைத்தது. 2024 டிசம்பர் 12 அன்று திண்டுக்கல்லில் ஒரு தனியார் எலும்பு முறிவு மருத்துவமனையில் தீப்பிடித்தபோது ஆறு பேர் இறந்தனர். அவர்களில் ஒரு சிறு பெண் குழந்தையும் உண்டு. மின்தூக்கிக்குள் சிக்கிக்கொண்டவர்கள் புகையால் மடிந்தார்கள்.

வீட்டில் தீப்பிடித்தால் மனிதன் ஓடுவான். மருத்துவமனையில் இருப்பவன் ஓட முடியாதவன். காலில் மாவுக்கட்டு போட்டவரும், குளுகோஸ் ஏறிக்கொண்டிருப்பவரும், பிரசவ அறையில் இருக்கும் தாயும் எப்படி ஓடுவார்கள்? ஆகையால்தான் மருத்துவமனைக்கு விதிகள் அதிகம். இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படிப்போம்.

3. முதலாவது நிலம்

அனுமதிக்கு விண்ணப்பிக்குமுன் நிலம் நம்முடையது என்று காட்டவேண்டும். மூலப் பத்திரம், பட்டா, சிட்டா, புலப்பட நகல், வில்லங்கச் சான்று ஆகியவை கையில் இருக்கவேண்டும். யாராவது அன்பாக நிலம் தானமாகக் கொடுத்தால், வாய்ச்சொல்லோ வெள்ளைத்தாளில் எழுதிய கடிதமோ போதாது. பத்திரம் பதிவாகி, அறக்கட்டளையின் பெயருக்குப் பட்டா மாறவேண்டும். வாரிசுகள் பலர் இருக்கும் கூட்டுப்பட்டாவானால் எல்லாருடைய கையெழுத்தும் வேண்டும். நஞ்சையோ புஞ்சையோ விவசாய நிலமாக இருந்தால் நில உபயோக மாற்றம் பெறவேண்டும். மனையைத் தொடும் சாலை எவ்வளவு அகலம் என்பதையும் பார்ப்பார்கள். ஆம்புலன்சும் தீயணைப்பு வண்டியும் உள்ளே வந்து திரும்ப இடம் வேண்டுமல்லவா?

அடுத்தது தண்ணீர். மனை ஏரிக்கோ ஓடைக்கோ அருகில் இருந்தால் நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று கேட்கப்படும். நம் வட்டாரத்தார் இதைத் தேவையற்றது என்று சொல்லக்கூடாது. 1956 நவம்பர் 23 அன்று அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளம் ரயில் பாலத்தைப் பலவீனப்படுத்தி, தூத்துக்குடி விரைவு வண்டி கவிழ்ந்து 140க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அப்போது ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். கோடையில் காய்ந்து கிடக்கும் வாய்க்கால் ஐப்பசி, கார்த்திகையில் என்ன செய்யும் என்பதை இந்த மண்ணின் மக்கள் அறிவார்கள்.

மூன்றாவது மண். ஆலத்தியூர் என்றால் இன்று பலருக்கும் சிமெண்டுதான் நினைவுக்கு வரும். சுண்ணாம்புக்கல் நிறைந்த பூமி இது. 1997 முதல் ராம்கோ நிறுவனத்தின் ஆலை அங்கே நடந்துவருகிறது. ஆனால் சிமெண்ட் விளைகிற ஊரில் கட்டடம் கட்டுவது எளிது என்று எண்ணிவிடக்கூடாது. பெரம்பலூர், அரியலூர் வட்டாரங்களில் கரிசல் மண் பரவலாக உண்டு. பருத்திக்கும் சோளத்துக்கும் நல்ல மண். சுவருக்குப் பொல்லாத மண். மழை பெய்தால் உப்பும், வெயிலடித்தால் சுருங்கி வெடிக்கும். அதன்மேல் ஆழமில்லாத அஸ்திவாரம் போட்டால் ஆண்டுதோறும் தூக்கித் தூக்கி இறக்கும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் விடும் வீடுகளை இப்பக்கத்தில் எத்தனையோ பார்க்கிறோம். இதற்கு மாற்று உண்டு. ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம், அடியில் குமிழ்போல் அகன்ற கான்கிரீட் தூண்களை ஆழத்தில் இறக்கும் முறையை இத்தகைய மண்ணுக்கென்றே வளர்த்தது. ஈரமும் வறட்சியும் எட்டாத ஆழத்தில் அந்தக் குமிழ் ஊன்றிக்கொள்ளும். எந்த முறை பொருந்தும் என்பதைத் துளையிட்டு மண்ணைப் பரிசோதித்தால்தான் சொல்லமுடியும். கணக்கில் நீங்கள் காணும் 'மண் பரிசோதனை' என்ற வரி இதுதான். கண்ணுக்குத் தெரியாத செலவு. ஆனால் இதை மிச்சப்படுத்தினால் பின்னால் கட்டடத்தையே இழக்க நேரிடும்.

4. வரைபடமும் விண்ணப்பமும்

வரைபடத்தைப் பதிவு பெற்ற கட்டடக் கலைஞரோ பொறியாளரோதான் தயாரித்துக் கையொப்பமிடவேண்டும். மேஸ்திரி எவ்வளவு அனுபவசாலியானாலும் அவர் தரையில் கோடு கிழித்துக் காட்டுவது வரைபடம் ஆகாது. மனையின் அளவு, நான்கு பக்கமும் விடவேண்டிய காலியிடம், ஒவ்வொரு அறையின் அளவு, உயரம், ஜன்னல், கழிவுநீர்த் தொட்டி, கிணற்றுக்கும் அதற்கும் உள்ள தூரம், வாகனம் நிறுத்துமிடம் எல்லாம் அதில் இருக்கவேண்டும். மழைநீர் சேகரிப்பு அமைப்பு 2003 முதல் தமிழகத்தில் கட்டாயம். சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம் ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளமாவது இருக்கவேண்டும். மாற்றுத்திறனாளிகள் அணுகமுடியாத வரைபடத்துக்குக் கட்டட அனுமதி கொடுக்கக்கூடாது என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லுகிறது.

இன்று விண்ணப்பத்தை ஒற்றைச் சாளர முறையில் இணைய வழியாகச் செலுத்தவேண்டும். இரண்டு அனுமதிகள் இருப்பதை வாசகர்கள் கவனிக்கவேண்டும். ஒன்று திட்ட அனுமதி: இந்த இடத்தில் இந்த உபயோகத்துக்கு இவ்வளவு பெரிய கட்டடம் வரலாமா என்பதை நகர் ஊரமைப்புத் துறை பார்க்கிறது. மற்றொன்று கட்டட அனுமதி: அதை உள்ளாட்சி வழங்குகிறது. கிராமமானால் ஊராட்சித் தலைவரோ, தேர்ந்தெடுக்கப்பட்டவர் இல்லாத காலத்தில் தனி அலுவலரோ அதன் நிர்வாக அதிகாரி. சிறு மனைகளில் வீடு கட்டுவோருக்கு 2024 ஜூலை முதல் சுயசான்று முறையில் உடனடி அனுமதி கிடைக்கிறது. 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்கு அது பொருந்தும். மருத்துவமனைக்குப் பொருந்தாது. அண்டை வீட்டார் ஒரு நாளில் அனுமதி வாங்கினாரே, உங்களுக்கு ஏன் இவ்வளவு நாள் என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

கட்டணங்களில் ஒன்றை மட்டும் இங்கே குறிப்பிடுகிறோம். கட்டட மதிப்பீட்டில் 1 சதவீதம் கட்டுமானத் தொழிலாளர் நலனுக்காகப் பெறப்படுகிறது. கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுபவர் ஆகியோரின் பிள்ளைகளின் படிப்புக்கும், திருமணத்துக்கும், விபத்து மரணத்துக்கும் நலவாரியம் உதவி செய்கிறது. இந்தச் செலவை நாங்கள் மனமாரச் செலுத்துகிறோம். உதவி கிடைக்கவேண்டுமானால் தொழிலாளர் வாரியத்தில் பதிவு செய்திருக்கவேண்டும். வேலைக்கு வருகிறவர்களிடம் அட்டை இருக்கிறதா என்று கேட்பதும், இல்லாதவரைப் பதிவு செய்ய வைப்பதும் கட்டுகிறவர்களின் கடமை என்று நினைக்கிறோம்.

5. அனுமதி வேறு, உறுதி வேறு

இங்கே ஒரு முக்கியமான பாடம். 2014 ஜூன் 28 அன்று சென்னையை அடுத்த மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தனர். அந்தக் கட்டடத்துக்குத் திட்ட அனுமதி இருந்தது! காகிதம் சரியாக இருந்தும் தூண்களுக்குப் போதிய பலம் இல்லை. பக்கத்தில் நின்ற இரண்டாவது கட்டடமும் 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அனுமதி என்பது கட்டத் தொடங்கலாம் என்பதற்கு உத்தரவே தவிர, கட்டியது நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் அல்ல. அதற்காகத்தான் வேலை நடக்கும்போது ஆய்வுகள்.

வேலை தொடங்குவதைத் தெரிவிக்கவேண்டும். தரைமட்டப் பீம் முடிந்தபோதும், கடைசித் தளம் எழும்பும்போதும், வேலை முழுவதும் முடிந்தபோதும் அனுமதித்த வரைபடத்தின்படி கட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். பக்கத்துக் காலியிடத்தில் ஒரு அறை இழுத்துக் கட்டியிருந்தால் இங்கே பிடிபடும். முடிவுச் சான்று இல்லாமல் இத்தகைய கட்டடத்துக்கு மின் இணைப்பு கிடைக்காது.

இவை அரசின் ஆய்வுகள். நாமே நடத்தவேண்டிய ஆய்வுகளும் உண்டு. கான்கிரீட் போடுமுன் கம்பி வரைபடத்தின்படி கட்டியிருக்கிறதா என்று பொறியாளர் எண்ணிப் பார்க்கவேண்டும். கம்பிக்கு வெளியே தளத்தில் 20 மில்லிமீட்டரும், தூணில் 40 மில்லிமீட்டரும், அஸ்திவாரத்தில் 50 மில்லிமீட்டரும் கான்கிரீட் மூடியிருக்கவேண்டும், இல்லாவிட்டால் துருப்பிடிக்கும். ஒவ்வொரு நாள் கலவையிலிருந்தும் 15 சென்டிமீட்டர் கனசதுரக் கட்டிகள் வார்த்து, 7ஆம் நாளும் 28ஆம் நாளும் ஆய்வுக்கூடத்தில் நசுக்கிப் பார்க்கவேண்டும். குறைந்தது 7 நாட்கள், சாம்பல் கலந்த சிமெண்டானால் 10 நாட்கள், தண்ணீர் கட்டி ஈரமாக வைக்கவேண்டும். நாலரை மீட்டர் வரையான தளத்துக்கு முட்டுக்கட்டைகளை 7 நாட்களுக்கு முன்பும், அதற்கு மேற்பட்ட தளத்துக்கு 14 நாட்களுக்கு முன்பும் எடுக்கக்கூடாது. "ஐயா, நாளைக்கே பலகையைப் பிரிச்சிடலாம், வேற வேலைக்குச் சென்ட்ரிங் சாமான் வேணும்" என்று ஒப்பந்தக்காரர் கேட்பார். இந்த எண்கள் தெரிந்திருந்தால் "இல்லை" என்று சொல்ல நமக்குத் தைரியம் வரும்.

ஆய்வு நடந்தால் மட்டும் போதாது. அதற்குக் கீழ்ப்படியவும் வேண்டும். 2013 ஏப்ரல் 23 அன்று வங்காளதேசத்தில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடத்தில் விரிசல்கள் காணப்பட்டன. பொறியாளர் எச்சரித்தார். கீழே இருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. மேலே இருந்த தையற்கூடங்களின் தொழிலாளரை மட்டும் மறுநாள் காலை வேலைக்கு வரச் சொன்னார்கள். அன்றே கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தனர். மேல் மாடிகள் அனுமதியின்றி எழுப்பப்பட்டவை.

6. மருத்துவமனைக்கே உரிய சான்றுகள்

கட்டடம் முடிந்தவுடன் நோயாளியைச் சேர்த்துவிட முடியாது. தீயணைப்புத் துறையின் சான்று வேண்டும். வெளியேறும் கதவுகள் பூட்டியிருக்கின்றனவா, வழியில் பழைய கட்டில்கள் அடுக்கியிருக்கின்றனவா, தண்ணீர்த் தொட்டியும் அணைப்பான்களும் வேலை செய்கின்றனவா என்று பார்ப்பார்கள். மருத்துவமனை நடைபாதை 2.4 மீட்டர் அகலம் இருக்கவேண்டும் என்பது ஆடம்பரத்துக்கு அல்ல. இரண்டு தள்ளுகட்டில்கள் எதிரெதிரே வந்தால் ஒன்றையொன்று தாண்டிப் போவதற்காக.

தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997இல் இயற்றப்பட்டது. அதற்குரிய விதிகள் 2018இல் வந்தன. அதன்படி மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநரிடம் பதிவு செய்யவேண்டும். எக்ஸ்ரே அறைக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் தேவை. ஒன்பது அங்குலச் செங்கற்சுவரும் ஈயத்தகடு பதித்த கதவும் அந்த அறைக்கு வேண்டும். இதைக் கட்டடம் முடிந்தபின் நினைத்துக்கொண்டால் சுவரை இடிக்க வேண்டியதுதான். ஸ்கேன் கருவி வைப்பதானால் கருவிலேயே பெண்சிசுவைக் கண்டறிந்து அழிக்கும் கொடுமையைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பதிவு வேண்டும். மருத்துவக் கழிவுகளை 2016ஆம் ஆண்டு விதிகளின்படி மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று பிரித்து வைக்க ஓர் அறையும், மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் ஒப்புதலும் வேண்டும். சுற்றிலும் இருக்கும் வயல்களில் ஊசி கிடந்து சிறுவர் காலில் குத்தாமல் இருக்க அந்த அறை தேவை.

7. குறுக்கு வழியும் நாங்கள் எடுத்த முடிவும்

அன்பர்களே, இத்தனை படிகள் இருக்கும்போது குறுக்கு வழி காட்டுகிறவர்களும் இருப்பார்கள். "கொஞ்சம் கவனித்தால் சீக்கிரம் முடியும்" என்று இடைத்தரகர் சொல்லுவார். "வானம் தோண்டிடுவோம், பேப்பர் வரும்போது வரட்டும்" என்று அனுபவமுள்ள மேஸ்திரியே சொல்லுவார். 2018இல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டத்தின்படி லஞ்சம் வாங்குவது மட்டுமல்ல, கொடுப்பதும் குற்றம். வற்புறுத்தலால் கொடுத்தவர் 7 நாட்களுக்குள் புகார் செய்தால் மட்டுமே சட்டம் அவரை விட்டுவிடுகிறது. விண்ணப்பம் எங்கே நிற்கிறது என்று அறிய 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணத்தோடு எழுதினால் 30 நாட்களுக்குள் பதில் தரவேண்டும். நேர்மையான அலுவலர்கள் பலர் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லவேண்டும். குறைகளை எழுத்தில் கேட்டுத் திருத்திக் கொடுத்தால் பெரும்பாலான கோப்புகள் நகரும்.

காணிக்கைப் பணத்தில் லஞ்சம் கொடுத்தால் அதை எந்தத் தலைப்பில் எழுதுவது? 'இதரச் செலவு' என்றா? கூலி வேலை செய்து மாதம் நூறு ரூபாய் அனுப்பும் சகோதரியிடம் அந்தக் கணக்கை எப்படிக் காட்டுவோம்?

இதில் எங்களுக்கு இழப்பே இல்லை என்று சொல்லவில்லை. சில மாதங்களுக்கு முன் ஒரு அன்பான குடும்பத்தார், மறைந்த தங்கள் தாயாரின் நினைவாக ஆலத்தியூர்க் கிளையின் பிரசவ வார்டு முழுவதையும் கட்டித்தர முன்வந்தார்கள். தாயாரின் முதலாம் ஆண்டு நினைவு நாளில் அது திறக்கப்படவேண்டும் என்பதே அவர்கள் கேட்டது. அதற்கு ஏழு மாதங்களே இருந்தன. எங்கள் பொறியாளர் மண் பரிசோதனை, வரைபடம், அனுமதி, கட்டுமானம், சான்றுகள் ஆகியவற்றைக் கணக்கிட்டு, ஓராண்டுக்குக் குறையாது என்றார். அந்தத் தொகை எங்களுக்கு மிகவும் தேவையானது. ஆயினும் நிர்வாகக் குழு கூடிப் பேசி, அந்த நாளில் திறக்க இயலாது என்றும், நினைவு நாளில் அந்த மனையில் ஒரு ஸ்தோத்திர ஆராதனை நடத்த ஆயத்தமாயிருக்கிறோம் என்றும் எழுதினோம். பதில் இன்னும் வரவில்லை. அவர்கள் வேறு நல்ல காரியத்துக்கு அந்தப் பணத்தைக் கொடுத்துவிட்டாலும் நாங்கள் மனவருத்தம் கொள்ளமாட்டோம். அந்தத் தாயின் பெயரைத் தாங்கிய கூரையின்கீழ் இன்னொரு தாய்க்கு ஆபத்து நேரிடக்கூடாது என்பதே எங்கள் எண்ணம்.

நெகேமியா தன் பட்டணத்து அலங்கத்தைக் கட்டப் போனபோது முதலில் அர்தசஷ்டா ராஜாவிடம் கடிதங்கள் கேட்டு வாங்கினான். வழியிலுள்ள அதிபதிகளுக்கு ஒன்று. மரம் கொடுக்கும்படி வனக்காவலன் ஆசாபுக்கு ஒன்று. ஊருக்கு வந்ததும் மூன்று நாள் பொறுத்து, இராக்காலத்தில் சில மனுஷரோடு இடிந்த சுவரைச் சுற்றிப் பார்த்தான். அதற்குப் பின்புதான் ஜனங்களை அழைத்துக் கட்டுவோம் என்றான். அனுமதி முதலில், ஆய்வு அடுத்து, வேலை பின்பு. அலங்கம் 52 நாளில் முடிந்தது என்று வாசிக்கிறோம். முன்னேற்பாட்டில் செலவிட்ட நாட்கள் வீணாகவில்லை.

சிந்தனைக்கும் கலந்துரையாடலுக்கும்

1. உங்கள் சபையின் ஆலயத்துக்கோ பள்ளிக்கோ கட்டட அனுமதியும் வரைபடமும் எங்கே வைக்கப்பட்டிருக்கின்றன? யாருக்குத் தெரியும்?

2. அனுமதி பெற்றபின் ஏதாவது அறை, கொட்டகை, மாடி கூடுதலாகக் கட்டப்பட்டதா? ஓர் அறை வேறு உபயோகத்துக்கு மாற்றப்பட்டதா? கொல்கத்தா நிகழ்ச்சியோடு ஒப்பிட்டுப் பேசுங்கள்.

3. வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆலயத்தின் எல்லாக் கதவுகளும் திறக்கின்றனவா என்று பாருங்கள். சக்கர நாற்காலியில் வருபவர் எந்த வழியாக உள்ளே வருவார்?

4. கட்டட நிதிக்குக் கொடுக்கும்போது நாம் திறப்பு விழா நாளைக் கேட்கிறோமா, மண் பரிசோதனை அறிக்கையைக் கேட்கிறோமா?

ஆலத்தியூர்க் கிளைக்கான வரைபடம் இப்போது பொறியாளரின் மேசையில் இருக்கிறது. விண்ணப்பம் செலுத்திய நாளையும், ஒவ்வொரு ஆய்வின் முடிவையும், ஏதாவது குறை சொல்லப்பட்டால் அதையும் மறைக்காமல் இந்தப் பக்கங்களில் தெரிவிப்போம். வேலையில் ஈடுபடும் பொறியாளருக்கும், கொத்தனாருக்கும் சித்தாளுக்கும், கோப்பைப் பார்க்கும் அலுவலருக்கும் நல்ல சுகத்தையும் நேரிய மனதையும் கர்த்தர் தரும்படி ஜெபித்துக்கொள்ளுங்கள்.